களஞ்சியத்தில் அடுப்பு

கணிப்பொறி உலகில் ஒரு விசித்திரமான மாறுதல் நடந்து வருகிறது. கேட்டதை எடுத்துக் கொடுக்கும் பண்டசாலையாக மட்டும் இதுகாறும் இருந்துவந்த மெமரிச் சிப், இனித் தானே கணக்கும் போடும் என்று அதை உற்பத்தி செய்யும் கம்பெனிகள் சொல்லுகின்றன. இது வெறும் வியாபார ஆர்ப்பாட்டமா, அல்லது செயற்கை நுண்ணறிவின் போக்கையே மாற்றக்கூடிய காரியமா என்பதை நாம் ஆராய வேண்டியது அவசியம்.

1945-ல் வான் நாய்மன் என்ற கணித நிபுணர் எழுதிய அறிக்கையே இன்றைய கணிப்பொறிகளின் அமைப்புக்கு ஆதாரம். கணக்கிடும் பகுதி ஓரிடம், நினைவகம் வேறிடம் என்பது அதன் ஏற்பாடு. கணக்கிடும் பகுதியின் வேகம் வருஷத்துக்கு வருஷம் பெருகிற்று. நினைவகத்திலிருந்து சரக்கு வந்து சேரும் வேகமோ அவ்வளவு பெருகவில்லை. 1995-லேயே இரண்டு அமெரிக்க அறிஞர்கள் இதை 'மெமரிச் சுவர்' என்று பெயரிட்டு எச்சரித்தார்கள். களஞ்சியத்தில் நெல் மலைபோல் கிடக்கிறது; சமையற்கூடத்தில் நூறு அடுப்புகள் எரிகின்றன; நடுவில் உள்ளதோ ஒற்றை வண்டிப் பாதை. அடுப்புகளை இன்னும் கூட்டுவதால் பந்தி சீக்கிரம் நடந்துவிடுமா?

செயற்கை நுண்ணறிவு விடை சொல்லும் வேலையில் இந்தச் சங்கடம் உச்சத்தை அடைகிறது. 3,000 கோடி எண்களைக் கொண்ட ஒரு மொழி மாதிரியை எடுத்துக்கொள்வோம். எண்ணுக்கு 2 பைட் வீதம் அது 6,000 கோடி பைட் ஆகிறது. ஒரே ஒருவருடைய கேள்விக்கு விடை சொல்லும்போது, ஒவ்வொரு சொற்கூறுக்கும் இந்த எண்கள் அனைத்தையும் ஒரு முறை படித்தாக வேண்டும். என்விடியா கம்பெனி 2022-ல் வெளியிட்ட எச்100 யந்திரத்தின் உயர்ந்த வகை, வினாடிக்குச் சுமார் 3.35 லட்சம் கோடி பைட் படிக்கும். ஆகவே, வினாடிக்குச் சுமார் 55 சொற்கூறுகளே அதன் எல்லை. கணக்கிடும் சக்தி எவ்வளவு மிஞ்சியிருந்தாலும் இந்த எல்லையைத் தாண்ட முடியாது. மேலும், ஒரு பெருக்கலுக்குச் செலவாகும் மின்சாரத்தைப்போல் நூறு மடங்குக்கு மேல், வெளி நினைவகத்திலிருந்து அந்த எண்ணைக் கொண்டுவருவதற்கே செலவாகிறது.

ஆகவே, அடுப்பையே களஞ்சியத்துக்குக் கொண்டுபோனால் என்ன என்ற யோசனை பிறந்தது. யோசனை புதிதல்ல, 1997-லேயே கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில் டேவிட் பேட்டர்சன் முதலியோர் இதை வற்புறுத்தினார்கள். செய்கையில் காட்ட முன்வந்தது கொரியா. 2021 பிப்ரவரியில் சாம்சங், மெமரிச் சிப்புக்குள்ளேயே கணக்கிடும் உறுப்பை வைத்து, வேகம் இருமடங்குக்கு மேலாகும், மின்செலவு 70 சதவிகிதத்துக்கு மேல் குறையும் என்று அறிவித்தது. அடுத்த வருஷமே எஸ்கே ஹைனிக்ஸ், சில கணக்குகளில் 16 மடங்கு வரை வேகம் கிடைக்கும் என்றது. பிரான்ஸின் அப்மெம் கம்பெனியோ சாதாரண மெமரிப் பலகையிலேயே கணக்கிடும் உறுப்புகளைப் பதித்தது.

இவையெல்லாம் விற்பவர்கள் தங்கள் சரக்கைப்பற்றித் தாங்களே சொல்லும் கணக்குகள் என்பதை நேயர்கள் மறக்கலாகாது. இடையூறுகளும் அற்பமானவை அல்ல. களஞ்சியத்தில் அடுப்பு மூட்டினால் நெல்லுக்கு ஆபத்து. நினைவகம் உஷ்ணத்தைப் பொறாது. சூடு ஏற ஏற அதில் உள்ளதை அடிக்கடி புதுப்பித்தாக வேண்டும். அடுப்பு வைத்த இடத்தில் நெல்லும் குறையும். சாம்சங்கின் முதல் மாதிரியில் 8 ஜிகாபைட் இருக்கவேண்டிய அடுக்கில் 6 ஜிகாபைட்டே இருந்தது. பழைய நிரல்களையும் திருத்தி எழுதவேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, பெரிய நிலையங்களில் பல பேருடைய கேள்விகளை ஒன்றுசேர்த்து, ஒரு முறை படித்த எண்களைக்கொண்டே பலருக்கும் விடை தயாரிக்கிறார்கள். அங்கே இந்த முறையின் லாபம் வெகுவாகக் குறைகிறது. இச்சரக்குகள் சந்தையில் இன்னும் பெருவாரியாக இடம்பெறாததற்கு இவையே காரணங்கள்.

அப்படியானால் இதனால் பயன் யாருக்கு? தனி மனிதனுக்கு என்பது நம் அபிப்பிராயம். கைப்பேசியிலும் மேஜைக் கணிப்பொறியிலும் கேட்பவர் ஒருவரே. அங்கே கூட்டுப்பந்தி கிடையாது. குறைந்த மின்சாரத்தில், குறைந்த செலவில், தன் கையிலுள்ள கருவியிலேயே விடை கிடைக்குமானால், ஒருவன் தன் அந்தரங்கத்தை எங்கோ இருக்கும் பெருங் கம்பெனியின் நிலையத்துக்கு அனுப்பி, அதன் தயவுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஆனால் இந்தச் சுதந்திரத்துக்கும் ஒரு பூட்டு உண்டு. உலகின் இயங்கு நினைவக வியாபாரத்தின் பெரும்பகுதி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், அமெரிக்காவின் மைக்ரான் ஆகிய மூன்றே கம்பெனிகளின் கையில் இருக்கிறது. 2024 டிசம்பரில் அமெரிக்க சர்க்கார் உயர்வேக மெமரி சீனாவுக்குப் போகாதபடி கட்டுப்பாடு விதித்ததை உலகம் கண்டது. சரக்கு வைத்திருப்பவனே கணக்கும் போடுபவனாகிவிட்டால், அவனுடைய செல்வாக்கு இருமடங்காகும். கம்பெனிக்குக் கம்பெனி வெவ்வேறு கட்டளை முறை இருக்குமானால், ஒருவரிடம் வாங்கியவன் என்றென்றைக்கும் அவரிடமே வாங்க நேரிடும். ஆகவே, மெமரி அளவுகளுக்குப் பொது விதிகள் இருப்பதுபோல், மெமரியில் கணக்கிடும் கட்டளைகளுக்கும் எல்லாரும் கையாளத்தக்க பொது விதி ஏற்பட்டே தீரவேண்டும்.

நம் தேசத்துக்கும் இதில் சம்பந்தம் உண்டு. 2023-ல் குஜராத்தின் சானந்தில் மைக்ரான் தொடங்குவதாக அறிவித்த ஆலை, மெமரியைக் கோத்துச் சோதிக்கும் ஆலையே. சிலிக்கான் தகட்டில் மெமரியை வார்க்கும் ஆலை அன்று. அதை இகழ வேண்டியதில்லை. ஆனால் அதுவே போதும் என்று திருப்தியடைவதும் தவறு. 1983-ல் அந்நிய வடிவமைப்பை விலைக்கு வாங்கி மெமரித் தொழிலில் இறங்கிய சாம்சங், பத்தே வருஷங்களில் அத்தொழிலில் முதலிடம் பெற்றது. வார்ப்பாலைக்குப் பெரும் பொருள் வேண்டும்; பொது விதி வகுக்கும் சபையில் பேசவும், அதற்கேற்ற நிரல் எழுதவும் வேண்டியது அறிவும் ஊக்கமுமே. அவற்றுக்கு நம் இளைஞரிடம் பஞ்சமில்லை. விதி வகுக்கும்போது வாய் மூடியிருந்துவிட்டுப் பின்னர் விலையைக் குறித்துப் புலம்புவதில் பயனில்லை.