கறுப்புத் திரை நம் பிள்ளைகளுக்கும் உரியது

தருமபுரி மாவட்டத்தில் கணினி கற்றுத்தரும் இடங்களில், பள்ளியானாலும் பயிற்சி நிலையமானாலும், ஒரு கருத்து ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கட்டளைகளை எழுத்தாக அடித்துக் கணினியை வேலை வாங்கும் அந்தக் கறுப்புத் திரை, கமாண்டு பிராம்ப்ட் என்றும் டெர்மினல் என்றும் சொல்கிறோமே அது, நம் பிள்ளைகளுக்கு வேண்டாத வேலையாம். டாஸ் காலத்துப் பழசு என்பார்கள். இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவனுக்குத்தான் வரும் என்பார்கள். தப்பாக ஒன்றை அடித்தால் கம்ப்யூட்டரே போய்விடும் என்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 68.54 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்திலேயே கடைசியாக நின்ற மாவட்டம் இது என்பதையும் சிலர் துணைக்கு இழுப்பார்கள். அரூரிலும் பென்னாகரத்திலும் படிக்கிற பிள்ளைகளின் பிழைப்பில் கைவைக்கிற கருத்து இது. இரக்கத்தின் பேரால் சொல்லப்படுவதால் யாரும் எதிர்த்துக் கேட்பதில்லை.

ஆங்கிலத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். ரேஷன் கடையில் என்ன இருப்பு இருக்கிறது என்று அறிய, அட்டையோடு பதிவான செல்பேசியிலிருந்து 'பிடிஎஸ்' என்று அடித்து, இடைவெளி விட்டு, 101 என்று போட்டுக் குறுஞ்செய்தி அனுப்பும் வசதியை அரசே தந்தது. 102 என்று போட்டால் கடை திறந்திருக்கிறதா என்ற பதில். செல்பேசி நிறுவனத்தை மாற்றுகிறவர்கள் 'போர்ட்' என்று அடித்து, இடைவெளி விட்டு, தங்கள் எண்ணைச் சேர்த்து 1900-க்கு அனுப்புகிறார்கள். 2011 ஜனவரியிலிருந்து நாடு முழுவதும் இதுதான் முறை. முன்னால் கட்டளை, நடுவில் இடைவெளி, பின்னால் அந்தக் கட்டளைக்குத் தேவையான விவரம். டெர்மினலில் அடிக்கும் யூனிக்ஸ் கட்டளையின் இலக்கணமும் அச்சாக இதேதான். காட்டு வேலைக்குப் போகிற பெண்கள் செல்பேசியில் செய்ததைப் பதினோராம் வகுப்புப் பிள்ளையால் செய்ய முடியாது என்று எந்த நியாயத்தில் சொல்கிறோம்?

கோப்புகளைப் பட்டியலிட எல், எஸ் என்று இரண்டு எழுத்து. கோப்புறைக்குள் போக சி, டி. நகலெடுக்க சி, பி. இவற்றை அறிய ஆங்கில மீடியம் தேவையில்லை, இருபது முப்பது குறிகளை நினைவில் வைத்தால் தொடங்கிவிடலாம். ஆங்கிலச் சுமை உண்மையில் இருப்பது மவுசின் பக்கம். விண்டோஸ் அமைப்புகளைத் திறந்தால் பக்கம் பக்கமாக ஆங்கிலச் சொற்கள். போதாததற்கு, பதிப்புக்குப் பதிப்பு அவை இடம் மாறுகின்றன. 2021-இல் வந்த விண்டோஸ் 11-இல் வலது கிளிக் செய்தால் பழைய பட்டியலில் பாதி உள்ளே ஒளிந்துகொண்டது. காப்பி, கட் எல்லாம் சின்னச் சின்னப் படங்களாக வந்தன. முந்தைய ஆண்டு மனப்பாடம் செய்த பிள்ளை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டும். பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கிய யூனிக்சில் 1970-களில் வந்த அந்த இரண்டெழுத்துகளோ இன்றைக்கும் மாறவில்லை.

பழசு என்கிறவர்களுக்கு மைக்ரோசாஃப்டே பதில் சொல்லியிருக்கிறது. மவுசை ஊருக்கெல்லாம் கொண்டுசேர்த்த அந்த நிறுவனம்தான் 2006-இல் பவர்ஷெல் என்ற புதிய கட்டளைச் சூழலை வெளியிட்டது, 2016-இல் விண்டோசுக்குள்ளேயே, யூனிக்ஸ் வழியில் வந்த லினக்சின் கட்டளைகள் ஓட வழி செய்தது, 2019-இல் புதிதாக ஒரு டெர்மினலையும் கொடுத்தது. செத்துப்போன ஒன்றுக்கு யாராவது இவ்வளவு செலவு செய்வார்களா?

நம் பாடநூலே இந்தக் கருத்துக்கு எதிராக நிற்கிறது. தமிழ்நாட்டுப் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில், பைத்தான் வழியாகச் சி பிளஸ் பிளஸ் நிரலை இயக்குவது பற்றித் தனிப்பாடம் இருக்கிறது. அந்த நிரலைக் கமாண்டு பிராம்ப்டில், கோப்பின் பெயருக்குப் பின்னால் சிறுகோடும் 'ஐ'யும் போட்டு ஓட்டச் சொல்கிறது. வரைபடம் போடும் பாடத்துக்கு 'பிப் இன்ஸ்டால்' என்று அடித்தாக வேண்டும். தமிழ் மீடியம் பிள்ளைக்கும் இதே பாடம்தான். ஆனால் பல பள்ளிகளில் அது மதிப்பெண்ணுக்கான மனப்பாடமாக முடிந்துவிடுகிறது. அந்தச் சிறுகோடு எதற்கு என்று யாரும் சொல்வதில்லை, பிள்ளையும் கேட்பதில்லை.

அரசு தந்த மடிக்கணினிகளுக்கும் இதே கதிதான். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், சென்னை சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சோடு வந்த கணினிகளும் இருந்தன. அந்த லினக்சை முதல் வேலையாக அழித்துவிட்டு இடத்தை மிச்சப்படுத்துங்கள் என்று அறிவுரை சொன்னவர்களை நான் பார்த்திருக்கிறேன். சொன்னவர்கள் கணினி கற்றுத்தருகிறவர்கள் என்பதுதான் வேதனை.

இந்தத் திரை என்ன தருகிறது என்பதைக் கண்ணெதிரே காட்டலாம். பாலக்கோடு சந்தையின் அன்றாட விலைகளை ஒரு மாணவி நாளுக்கொரு கோப்பாக எழுதி வைத்திருக்கிறாள் என்று வையுங்கள். ஓராண்டுக்கு 365 கோப்புகள். மவுசால் என்றால் ஒவ்வொன்றாகத் திறந்து, தேடி, மூட வேண்டும். ஒரு பொழுது போய்விடும். டெர்மினலில் 'கிரெப்' என்று அடித்து, இடைவெளி விட்டு, தக்காளி என்று தமிழிலேயே எழுதி, மறுபடி இடைவெளி விட்டு நட்சத்திரக் குறி போட்டு என்டரைத் தட்டினால், தக்காளி வரும் அத்தனை வரிகளும் கோப்பின் பெயரோடு வந்து விழும். பின்னால் ஒரு செங்குத்துக் கோடு போட்டு, வரியில் விலை இருக்கும் இடத்தையும் எண்வரிசை என்பதையும் குறித்து 'சார்ட்' கட்டளையைச் சேர்த்தால் அவை விலைப்படி வரிசையாகும். பெல் ஆய்வகத்தின் டக் மெக்கில்ராய் வற்புறுத்தி, 1973-இல் யூனிக்சுக்குள் வந்த கோடு அது. ஒரு கட்டளையின் விடையை அடுத்த கட்டளைக்குக் கையளிப்பது மட்டுமே அதன் வேலை. அந்த ஒரு வரியை அவள் காரிமங்கலத்துத் தோழிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், அவளும் அப்படியே ஒட்டி ஓட்டலாம். 'மேலே வலது பக்கம் ஒரு பட்டன் இருக்கும், அதை அமுக்கு' என்று போனில் அரை மணி நேரம் விளக்க வேண்டியதில்லை.

ஆபத்து என்ற பேச்சில் உண்மை இருக்கிறது. ஆர், எம் என்ற கட்டளை கேட்காமல் அழித்துவிடும், குப்பைத் தொட்டியில் போய்த் தேடவும் முடியாது. அதையே சிறுகோடும் 'ஐ'யும் சேர்த்து அடித்தால் ஒவ்வொரு கோப்பையும் கேட்டுக் கேட்டுத்தான் அழிக்கும். இதை முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தால் தீர்ந்தது.

நம் மாவட்டத்துப் பட்டதாரிகள் நான்குவழிச் சாலையில் பஸ் ஏறி பெங்களூருக்குத்தான் போகிறார்கள். அங்கே சர்வர் வேலை என்றால் டெர்மினல்தான். உலகின் 500 அதிவேகக் கணினிகள் பட்டியலில் 2017 நவம்பர் முதல் அத்தனையும் லினக்சில் ஓடுபவை. வேலையில் சேர்ந்த பிறகு முதல்முறையாக அந்தத் திரையைப் பார்த்துத் திகைக்கிற பிள்ளைக்கு அறிவு குறைவு என்று அங்கிருப்பவர்கள் முடிவு கட்டுகிறார்கள். பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது. நாம் காட்டாமல் விட்டதற்கு அது வாங்குகிற தண்டனை இது.

தமிழுக்கு அந்தத் திரையில் ஒரு குறை உண்டு. எழுத்துக்கு ஒரு கட்டம் என்று பிரித்து வைக்கும் டெர்மினல்களில் பலவற்றில் நம் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கும், 'கொ' உடைந்து தெரியும். தேடல் சரியாக நடந்தாலும் படிக்கக் கண் கூசும். கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992-இல் வகுத்த யூடிஎஃப்-8 முறையால் தமிழ் எழுத்தைச் சேமிப்பதில் சிக்கலில்லை, காட்டுவதில்தான் கோளாறு. டெர்மினல் நிரல்களில் பல திறந்த மூலத்தில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். நல்லம்பள்ளியிலோ பாப்பிரெட்டிப்பட்டியிலோ தமிழில் படித்து, அந்த உடைந்த எழுத்தைப் பார்த்து ஆத்திரப்படும் ஒரு பிள்ளை அதைச் சரிசெய்யலாம். அதற்கு அந்தப் பிள்ளையை அங்கே உட்கார வைக்க வேண்டும். அடுத்த செய்முறை வகுப்பில் பாடநூலின் அந்த 'பிப் இன்ஸ்டால்' வரியை ஆசிரியர் அடித்துக் காட்டாமல் பிள்ளைகளையே அடிக்க விடட்டும், பிழைச்செய்தி வந்தால் வாய்விட்டுப் படிக்கச் சொல்லட்டும்.