பொய்ந்நட்புக் கடை

மாலையில் வேலை முடித்து வரும் உழைப்பாளிக்குக் காரைக்குடியில் 'ஒயின் ஷாப்' எங்குள்ளது என எவரையும் வினவ வேண்டுவதில்லை. அண்மையில் உள்ளது; விலையும் கட்டும்; சென்றால் நட்பாய்ப் பேச நால்வர் இருப்பர். இம் மூன்றுமே அக் கடைக்குச் சொல்லப்பெறும் பெருமைகள். தமிழர் இவற்றை ஆய்ந்து பார்த்தல் வேண்டும்.

முதலில் பெயர். ஒயின் என்பது கொடிமுந்திரிச் சாற்றைப் புளிக்கச்செய்து எடுப்பது. யவனர் கொணர்ந்த அத்தகு தேறலை, பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடிய புறநானூற்று 56ஆம் பாட்டுக் குறிக்கின்றது. இன்றைய கடையில் பெரும்பாலும் விற்பதோ, கரும்பாலைக் கழிவுப்பாகில் வடித்த வெறியத்தில் நிறமும் மணமும் கூட்டிய பிராந்தியும் இரம்முமே. பொருள் இல்லாத இடத்தில் பெயர் எதற்கு? 'சாராயக்கடைக்குப் போகின்றேன்' என்று சொல்லக் கூசும் நா, 'ஒயின் ஷாப்' என்று சொல்லக் கூசுவதில்லை. அயற்சொல் இங்கே நாணத்தை மறைக்கும் திரை! 'தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம்' என்னும் பெயர் பலகையில் இருக்க, மக்கள் நாவில் 'டாஸ்மாக்' என்னும் ஆங்கில எழுத்துக் கோவையே வழங்குவதும் அதனால்தான்.

அடுத்து விலை. செட்டிநாடு பற்றுவரவு எழுதிப் பழகிய நாடு. பர்மாவிலும் மலேயாவிலும் கடை நடத்தியவர்களின் கணக்கேடுகளைக் கண்ட மண்ணில் இக் கணக்கையும் எழுதிப் பார்ப்போம். 180 மில்லி கொண்ட 'குவாட்டர்' ஒன்று 140 உருபா எனக் கொள்வோம். நாளொன்றுக்கு ஒன்று என்றால், ஆண்டிற்கு 51,100 உருபா. பத்தாண்டிற்கு 5,11,000 உருபா. ஒரு மகளின் கல்லூரிப் படிப்பும் ஒழுகும் வீட்டிற்கு ஒரு கூரையும் அப் பற்றில் அடங்கியுள்ளன. வரவுப் பக்கத்தில் எழுத என்ன உண்டு?

வரவு வேறிடத்தில் உள்ளது. 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948இல் மாகாணம் முழுதும் பரவி, 1971இல் தளர்த்தப்பெற்றது. பின்னர் மூடுவதும் திறப்பதுமாய்க் கழிந்தன ஆண்டுகள். 1983இல் தோன்றிய வாணிபக் கழகம், 2003 முதல் சில்லறை விற்பனையையும் தானே மேற்கொண்டது. 2023இல் 500 கடைகள் மூடப்பெற்றன. எனினும், 2023-24இல் மட்டும் அரசுக்குக் கிட்டிய வருவாய் 45,000 கோடி உருபாவிற்கு மேல்! ஆளுங்கட்சிகள் மாறின, கல்லாப்பெட்டி மாறவில்லை.

மூன்றாவது நட்பு. திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். 'நட்பியல்' எனப் பகுத்த பதிப்புகளில் அது அவ்வியலுள்ளேயே அமைந்துள்ளது. அதற்கு முன்னது வரைவின் மகளிர், பின்னது சூது. பை நிறைந்திருக்கும் வரை முகம் மலர்ந்து வரவேற்கும் மூன்றும் ஓரிடத்தில் நிற்பதன் நுட்பத்தை எண்ணுக. அண்மையில் இருப்பதெல்லாம் நட்பாகாது. பை வற்றியவனை எக் கடை தேடி வந்தது? நோயுற்றவனை எது நலம் வினவிற்று?

ஆயினும் ஓர் உண்மையை மறுத்தலாகாது. உழைத்துக் களைத்தவனுக்கு மாலையில் அமர ஓரிடமும் மனம்விட்டுப் பேச நால்வரும் வேண்டும். அத் தேவை மெய். அதைக் காட்டி விற்கப்படும் நட்பே பொய். குடியைப் பழிப்பதோடு நிற்போர் இதனை மறந்துவிடுகின்றனர். கூடிப் பேசும் இடங்களை ஆக்கிக்கொண்ட ஊர் காரைக்குடி. 1917இல் தோன்றிய இந்து மதாபிமான சங்கத்திற்கு 1919இல் பாரதியார் வந்தார். 1939இல் சா. கணேசனார் கம்பன் கழகம் கண்டார். 1993இல் தமிழ்த்தாய்க்குக் கோயிலும் திறந்தது இவ்வூர். ஆனால் சிற்றாளும் சுமையாளும் வெட்கமின்றி நுழைந்து அமரும் படிப்பகம் தெருவுக்கு ஒன்று உண்டா?

எனவே, தமிழ் அன்பர்காள்! கடையைச் சாராயக்கடை என்றே சொல்லுங்கள். பெயரின் திரை கிழியட்டும். அதை மூடுமாறு ஊரவையில் தீர்மானம் இயற்றுங்கள். அதனினும் முதலாக, உங்கள் தெருவில் ஒரு விளக்கு, இரண்டு விசிப்பலகை, நான்கு தமிழ்த் தாளிகைகளோடு ஒரு படிப்பகம் திறந்து, போகின்றவனைப் பெயர்சொல்லி அழையுங்கள். அங்கே மெய்ந்நட்புக் கிடைக்குமாயின், பொய்ந்நட்புக் கடைக்கு அவன் கால் ஏன் போகும்?