கேபிள் ஒன்றே போதும், நெட்வொர்க் மூன்றாகட்டும்

பதிவு சற்று நீளம். பணியிலிருக்கும் ஆசிரியர்களும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரும் பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

நம் பள்ளிகளில் இன்று இணையத்துக்கு மூன்று வேலை. அலுவலக அறையில் எமிஸ் பதிவு, லேபில் பிள்ளைகளின் கணினிகள், தாழ்வாரத்தில் சிசிடிவி கேமராக்கள். நான் போய்ப் பார்த்த ஒரு பள்ளியில் மூன்றும் பிரிவில்லாமல் ஒரே நெட்வொர்க்கில் கிடந்தன. இது கூடாது என்பதே என் கருத்து.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள். 2022 நவம்பர் 23 அன்று சைபர் தாக்குதலில் ஐந்து சர்வர்கள் முடங்கின. சுமார் 1.3 டெராபைட் தகவல் பூட்டப்பட்டது. புறநோயாளிச் சீட்டைக்கூடக் கையால் எழுத வேண்டி வந்தது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது.

"எமிஸ் விவரமெல்லாம் அரசு சர்வரில்தானே சார் இருக்கிறது?" என்பார்கள். சரிதான். ஆனால் அதைத் திறக்கும் பாஸ்வேர்டும், டவுன்லோடு செய்து வைத்த பட்டியல்களும் அலுவலகக் கணினியில் இருக்கின்றன. கேமராக்களையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2016இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களில் புகுந்துதான் உலகெங்கும் பரவியது.

ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்கு இதை எளிதாகச் சொல்லலாம். தோல் ஷாப்பில் ஊறல் உப்புத் தண்ணீரையும் குரோம் தண்ணீரையும் தனித்தனியாக வாங்க வேண்டும். கலந்துவிட்டால் பிறகு பிரிப்பது பெரும்பாடு. நெட்வொர்க்கும் அப்படித்தான்.

இதற்கு மூன்று சுவிட்சு, மாடிக்கு மூன்று கேபிள் வேண்டுமா? வேண்டாம். 'மேனேஜ்டு சுவிட்சு' இருந்தால் அதற்குள்ளேயே பிரிக்கலாம். இந்தப் பிரிவுக்கு விலேன் என்று பெயர். அலுவலகம் 10, லேப் 20, கேமரா 30 என்று எண் கொடுத்து, எந்தப் போர்ட் எந்த எண்ணுக்கு என்று குறித்துவிட வேண்டும்.

கீழ்த்தள சுவிட்சையும் மாடி சுவிட்சையும் இணைக்கும் போர்ட்டை மட்டும் ட்ரங்க் போர்ட்டாக வைக்க வேண்டும். அது மூன்று விலேனையும் ஒரே கேபிளில் கொண்டுபோகும். பொதுத்தேர்வு விடைத்தாள் கட்டுகள் ஒரே வண்டியில் போனாலும் ஒவ்வொரு கட்டிலும் பாடத்தின் பெயர் இருக்குமல்லவா? அதுபோல ஒவ்வொரு தகவல் பொட்டலத்திலும் 4 பைட் அளவில் ஒரு சீட்டு ஒட்டப்படுகிறது. 1998இல் வெளியான 802.1கியூ என்ற தரநிலை சொல்லும் முறை இது. எந்தக் கம்பெனி சுவிட்சானாலும் பொருந்தும்.

மூன்று இடங்களில் கவனம் வேண்டும். ட்ரங்க்கில் எல்லா எண்ணையும் திறந்து விடாமல் 10, 20, 30 மட்டும் அனுமதிக்க வேண்டும். சீட்டில்லாமல் வரும் பொட்டலம் போய்ச் சேரும் 'நேட்டிவ் விலேன்' யாரும் பயன்படுத்தாத எண்ணாக இருக்க வேண்டும். முக்கியமாக, ரவுட்டரில் லேபிலிருந்தும் கேமராவிலிருந்தும் அலுவலகத்துக்குப் போகும் வழியை அடைக்க வேண்டும். அதைச் செய்யாவிட்டால் சுவிட்சு பிரித்ததை ரவுட்டரே சேர்த்து வைத்துவிடும்.

சின்னப் பள்ளிக்கு இவ்வளவு தேவையா என்று கேட்கலாம். நூறு பிள்ளைகள் படித்தாலும் நூறு வீட்டு ஆதார் எண், செல்போன் எண், சாதி விவரம் நம் கையில் இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குட்பட்டோர் விவரங்களுக்குக் கூடுதல் பாதுகாப்புக் கேட்கிறது. பள்ளி சின்னது என்பதால் பொறுப்பு சின்னதாகிவிடாது.

தலைமையாசிரியர் இதையெல்லாம் கற்றுக்கொண்டு செய்ய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்களுக்கு வேலைச்சுமை ஏற்கெனவே அதிகம். கேபிள் போட வரும் ஒப்பந்தக்காரரிடம் இரண்டே நிபந்தனை வையுங்கள். மூன்றையும் பிரித்துக் காட்ட வேண்டும். எந்தப் போர்ட் எதற்கு என்று தமிழில் ஒரு தாளில் எழுதி சுவிட்சுப் பெட்டிக்குள் ஒட்ட வேண்டும். லேப் கணினியிலிருந்து அலுவலகக் கணினியைத் தொட முடியவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகு பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.

அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். பிள்ளைகளின் விவரத்தைப் பெற்றோர் நம்மை நம்பித்தான் கொடுத்திருக்கிறார்கள்.