செபம் பண்ணச் சொல்லி அனுப்பிவிடுறது

“செபம் பண்ணும் பிள்ளை, எல்லாம் சரிவரும்.” தீவகத்தில் கிறிஸ்தவ வீட்டில் வளர்ந்த ஆருக்கும் இந்த வசனம் புதிசில்லை. சோதனை பெயிலானாலும் இதுதான், வெளிநாடு போன அண்ணன் ஒரு கிழமையாய்க் கோல் எடுக்காட்டிலும் இதுதான். அதில் எங்களுக்குப் பிரச்சினையில்லை. ஆனால் ஒருத்தன் ஆறு மாதமாக வேலணையில் பஸ் தரிப்பிடத்துக்கு வந்து நிற்கிறான், பண்ணைப் பாலம் தாண்டும் வரைக்கும் பின் சீற்றில் இருந்து சேட்டை விடுகிறான், இரவில் வேறு வேறு நம்பரில் இருந்து வட்ஸ்அப்பில் அசிங்கம் அனுப்புகிறான் என்று ஒரு பிள்ளை வந்து சொல்லும்போதும் இதே வசனம்தான் பதிலாகக் கிடைக்கிறது. அதைப் பற்றித்தான் கதைக்க வேண்டியிருக்கிறது.

வசனம் தனியாகவும் வராது. கூடவே “மன்னிச்சு விடு” வரும். “அவரவருக்கு ஒரு சிலுவை” வரும். பிறகு மெதுவாக, “வெளியில கதைச்சால் உனக்குத்தான் பேர் கெடும்.” கடைசியாகச் சொன்னது விவிலியத்தில் எங்கேயும் இல்லை, அது எங்கட ஊர்ச் சட்டம். ஆனால் செபத்துக்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னால் அதுவும் வேதவாக்கு மாதிரித்தான் காதில் விழும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். எங்கள் குழுவில் கத்தோலிக்கர், மெதடிஸ்ற், சைவம், ஒன்றும் நம்பாத ஆக்கள் எல்லாரும் இருக்கிறம். செபத்தை நக்கலடிக்க இதை எழுதவில்லை. வேலணைச் சாட்டிக் கடற்கரையில் சிந்தாத்திரை மாதா கோயில் இருக்கிறது. நல்ல பயணத்தின் மாதா. கடலுக்குப் போகிறவர்கள் பத்திரமாகத் திரும்பிவர வேண்டும் என்று காலங்காலமாகக் கும்பிட்ட மாதா. இப்போது காலமை யாழ்ப்பாண பஸ்சுக்கு ஓடுகிற பிள்ளையும் மனதுக்குள் அதே மாதாவைத்தான் கூப்பிடுகிறாள். அந்தக் கூப்பிடுதல் இல்லாவிட்டால் அன்றைக்கு வீட்டைவிட்டு வெளிக்கிட்டே இருக்கமாட்டாள். அதைக் குறைவாகச் சொல்ல எங்களுக்கு என்ன உரிமை? எங்கட கேள்வி செபிக்கிறவளிடம் இல்லை. செபிக்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துகிறவர்களிடம்.

ஏனென்றால் இந்தத் தீவிலேயே திருச்சபை வேறுமாதிரி நடந்திருக்கிறது. 2006 ஓகஸ்ட் 13 அன்று அல்லைப்பிட்டியில் எறிகணைகள் விழுந்தபோது, புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த சனம் செத்தது. பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் மிஞ்சிய சனத்தை ஊர்காவற்றுறைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்காகவே கடற்படையினரின் மிரட்டலுக்கும் ஆளானார். ஒரு கிழமை கழித்து, ஓகஸ்ட் 20 அன்று, அல்லைப்பிட்டிக் கடற்படைக் காவலரண் பக்கம் காணப்பட்டதோடு அவரும் கூடப்போனவரும் காணாமல் போனார்கள். அதற்குப் பிறகு யாழ். மறைமாவட்டம் செபித்தது, உண்மைதான். ஆனால் செபித்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. எங்கே எங்கட குரு என்று ஆயர் கேட்டார், குருக்கள் கேட்டார்கள், சனம் கேட்டது. “பேசாமல் இருந்து மன்னிச்சு விடுங்கோ” என்று அன்றைக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சனம் கோபப்பட்டிருக்கும்.

பலம் கூடிய ஒருவன் பலம் குறைந்த ஒருவரை விடாமல் துரத்துகிறான் என்றால் செபமும் கேள்வியும் சேர்ந்தே போகவேணும் என்று எங்கட சபைகளுக்குத் தெரியும். துரத்துகிறவன் கடற்படையாக இருந்தால் தெரியும். அதே பங்கில், அதே வாங்கில் இருக்கிற ஒரு பெடியன் என்றால் மட்டும் ஏன் மறந்துபோகிறது?

விவிலியத்தைப் பார்த்தாலும் இதுதான். முதலாம் சாமுவேல் புத்தகம் ஒரு தொல்லைக் கதையோடுதான் தொடங்குகிறது. பிள்ளை இல்லை என்பதைச் சொல்லிச் சொல்லிப் பெனின்னா அன்னாவைக் குத்துகிறாள். ஒருநாள் இல்லை, வருசா வருசம். அன்னா ஆலயத்துக்குப் போய் அழுது மன்றாடுகிறாள். உதடு மட்டும் அசைகிறது, சத்தம் வரவில்லை. குரு ஏலி அதைப் பார்த்துவிட்டு, குடிவெறியில் வந்திருக்கிறாள் என்று ஏசுகிறார். துன்பப்பட்ட பெண் வந்து நிற்க, குருவானவர் முதலில் அவளைத்தான் சந்தேகப்பட்டார் என்பதை விவிலியம் மறைக்கவில்லை. அன்னா பேசாமல் திரும்பிப் போகவும் இல்லை. நான் குடிக்கவில்லை, நொந்துபோய் நிற்கிறேன் என்று அவர் முகத்துக்கு நேரே சொல்கிறாள். ஏலியும் தன்ர கதையை மாற்றுகிறார். பங்குகளில் ஆலோசனை சொல்ல இருக்கிறவர்கள் இந்த ஓர் அதிகாரத்தை வருசத்துக்கு ஒருக்கால் வாசித்தால் போதும்.

சலிக்காமல் செபிக்கச் சொல்லித்தர லூக்கா 18இல் இயேசு எடுத்த உதாரணமும் முழங்காலில் நிற்கிற பெண் இல்லை. நீதிபதியின் வாசலுக்குத் திரும்பத் திரும்பப் போய், என் எதிராளிக்கு எதிராக நீதி வேணும் என்று கேட்டு அவனை அலுப்படித்த ஒரு விதவை. செபத்துக்கே உதாரணம் முறைப்பாடு என்றால், முறைப்பாடு போடுகிறதை விசுவாசக் குறைவு என்று எப்படிச் சொல்லலாம்?

மன்னிப்புக்கு வருவம். அதில்தான் கனபேர் சறுக்குகிறார்கள். சவுல் தாவீதைக் கொல்லத் துரத்தினான். கையில் கிடைத்தபோதும் தாவீது அவனைக் கொல்லாமல் விட்டான், ஒருமுறை இல்லை, இரண்டு முறை. மேடையில் இதுவரைக்கும்தான் பிரசங்கம் வரும். அடுத்த வரிகளையும் வாசிக்க வேணும். இரண்டாம் முறை தாவீது தூரத்தில் ஒரு மலை உச்சியில் நின்றுதான் சவுலோடு கதைக்கிறான். நடுவில் பெரிய இடைவெளி இருந்தது என்று விவிலியம் குறித்து வைத்திருக்கிறது. சவுல் மனம் உருகி, திரும்பி வா, இனி ஒன்றும் செய்யமாட்டேன் என்கிறான். தாவீது போகவில்லை. எடுத்த ஈட்டியைத் திருப்பிக் கொடுக்கக்கூடக் கிட்டப் போகவில்லை, ஆளை அனுப்பி எடுப்பிக்கச் சொன்னான். பழிவாங்கவும் இல்லை, பக்கத்தில் போகவும் இல்லை. நம்பரை புளொக் பண்ணுகிற பிள்ளை தாவீது செய்ததைத்தான் செய்கிறாள்.

ஆகவே இரண்டு பேரையும் ஒரே அறையில் கூப்பிட்டு வைத்து, கைகுடுக்கச் சொல்லி, ஒரு “பரலோகத்தில் இருக்கிற” சொல்லி அனுப்புகிற வேலையைத் தயவுசெய்து விடுங்கோ. அவனுக்கு அது ஒரு லைசென்ஸ். அடுத்த நாள் அவள் முறைப்பாடு செய்தால், “கோயிலில சமாதானம் எண்டு சொல்லிப்போட்டு இப்ப ஏன்?” என்று அவளிடம்தான் கேட்பார்கள்.

எப்படிச் செபிப்பது என்று எங்களிடம் கேட்டவர்களும் உண்டு. நாங்கள் குருமடம் படிக்கவில்லை. ஆனாலும் சேர்ந்திருந்து ஒன்று எழுதிப் பார்த்தோம்:

ஆண்டவரே, இண்டைக்கும் அவன் வந்து நிண்டவன். நீர் கண்டனீர். எனக்குப் பயமாயிருக்கு, அதைவிடக் கோபமாயிருக்கு. கோபப்படுறன் எண்டு என்னை விட்டுப் போயிடாதேயும். இது என்ர பிழை எண்டு மனசு சொல்லேக்கை, இல்லை எண்டு நீர் சொல்லும். நான் சொல்லப்போற ஆள் என்னை நம்பவேணும். அவன்ர கையை நிப்பாட்டும். அவனை மன்னிக்க இப்ப ஏலாது, அதை உம்மட்டையே விட்டிருக்கிறன். இண்டைக்கு நித்திரையைத் தாரும்.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு முக்கியமான ஒன்று. இதைப் பாவசங்கீர்த்தனத்தில் மட்டும் சொல்லாதேங்கோ. முதலாவது, உங்களுக்கு ஒருத்தன் தொல்லை தருவது உங்கட பாவம் இல்லை. இரண்டாவது, அங்கே கேட்டதைக் குருவானவர் ஒருவருக்கும் சொல்ல முடியாது. அந்த முத்திரை அப்படி இறுக்கமானது. உதவி செய்ய மனமிருந்தாலும் கை கட்டுப்பட்டிருக்கும். வெளியில் வந்து, கதிரையில் இருந்து, சாதாரணமாகச் சொல்லுங்கோ. தொல்லை தருகிறவர் குருவோ துறவியோ என்றால், பாலியல் துஷ்பிரயோக முறைப்பாடுகளைப் பெற ஒவ்வொரு மறைமாவட்டத்திலும் ஒரு வழி இருக்கவேணும் என்று 2019இல் பாப்பரசர் பிரான்சிஸ் சட்டமாகவே போட்டிருக்கிறார். அந்த வழி எது என்று ஆயர் இல்லத்தில் கேட்பது உரிமை, அகங்காரம் இல்லை.

மற்றது நாட்டுச் சட்டம். வார்த்தையால் செய்தாலும் செயலால் செய்தாலும் பாலியல் தொல்லை குற்றம். தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஐந்து வருசம் வரைக்கும் சிறை. வளாகத்துக்குள் நடக்கிற பகிடிவதைக்கு 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருக்கிறது. மெசேஜை அழிக்க முதல் ஸ்கிரீன்ஷொட் எடுங்கோ, திகதியும் நேரமும் நம்பரும் தெரியிற மாதிரி. பஸ்சில் நடந்ததை அன்றன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்தில் இருந்தது ஆர் என்றும் குறித்து வையுங்கோ. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. வேலணைப் பிரதேச செயலகம் போன்ற இடங்களில் பெண்கள் விடயத்துக்கென்று உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், பொலிசுக்கு நேரே போகத் தயக்கம் என்றால் அங்கே முதலில் போகலாம்.

தயக்கம் நியாயமானதுதான். 2015 மே மாதம் புங்குடுதீவில் பள்ளிக்கூடம் போன மாணவிக்கு நடந்தது தீவகத்தில் ஒருவருக்கும் மறக்காது. 2017 செப்ரெம்பரில் ஏழு பேருக்கு மரண தண்டனை தீர்ப்பானது. ஆனால் அதற்கு முன்பே, பிரதான சந்தேகநபர் தப்பிக்க உதவினார் என்று ஒரு மூத்த பிரதிப் பொலிஸ்மா அதிபரே கைதானதையும் சனம் பார்த்தது. அப்படிப் பார்த்த ஊரில் ஒரு பிள்ளையைத் தனியாகப் பொலிஸ் நிலையத்துக்குப் போ என்று சொல்வதும், தனியாகச் செபம் பண்ணு என்று சொல்வதும் எங்களுக்கு ஒன்றாகத்தான் படுகிறது.

பங்குகளில் மரியாயின் சேனை இருக்கிறது, இளைஞர் ஒன்றியம் இருக்கிறது, சபைகளில் பெண்கள் ஐக்கியம் இருக்கிறது. செத்தவீட்டுக்கு ஆள்முறை போட்டுப் போய் இருக்கத் தெரிந்தவர்கள் இவர்கள். காலமை பஸ்சில் அந்தப் பிள்ளைக்குப் பக்கத்துச் சீற்றில் இருக்கவும், ஊர்காவற்றுறைப் பொலிஸ் வாங்கில் அவளோடு ரெண்டு மணித்தியாலம் காத்திருக்கவும் இன்னொரு ஆள்முறை போடலாம். செபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே இருக்கலாம், நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை.