மதுரை வீதிகளும் கடைச் சிப்பந்திகளும்

ராஜபாளையம் மில் தொழிலாளியும், அய்யனார் கோவில் பக்கத்துத் தோப்புகளிலும் வயல்களிலும் பாடுபடும் விவசாயத் தொழிலாளியும் கல்யாணம் காட்சி என்றால் ஜவுளி எடுக்க மதுரைக்கு பஸ் ஏறுவது நெடுநாளைய வழக்கம். அந்த மதுரையின் வீதிகள் இன்று அடையாளம் தெரியாமல் மாறி வருகின்றன.

மாறட்டும். பழையது என்பதற்காகவே ஒன்றைக் கட்டிக்கொண்டு அழ நாம் தயாராக இல்லை. வெளி வீதிகளே கோட்டையை இடித்துப் பிறந்தவைதான். 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலைத் தகர்த்து, அகழியைத் தூர்த்து வீதி போட்டார். வேலையை நடத்திய பெருமாள் மேஸ்திரியின் பெயரில் இன்றும் வீதிகள் இருக்கின்றன. மண் சுமந்த கூலியாட்களின் பெயரில்தான் ஒரு சந்தையும் காணோம்!

அந்த மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியில் 1952-ல் தங்கம் தியேட்டர் எழுந்தது. ஆசியாவிலேயே பெரியது என்று பேர் வாங்கியது. ‘பராசக்தி’ பார்க்க ஜனங்கள் திரண்ட அந்த இடத்தில் இப்போது பல மாடி ஜவுளிக் கடை நிற்கிறது. கொட்டகை போனதில் நமக்குப் புகார் இல்லை. மாநிலமெங்கும் முளைத்துள்ள இத்தகைய மாடிக் கடைகளில் வேலை செய்யும் சிப்பந்திகளைப் பற்றித்தான் நமக்குக் கவலை.

நூற்பாலையில் நாள் முழுவதும் நிற்கும் கால்களின் வலி நம் வாசகர்களுக்குத் தெரியும். அந்த நூலில் நெய்த துணியை விரித்துக் காட்டும் பெண்களுக்கும் அதே வலிதான். கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் கடைப் பெண்கள் கழிப்பறைக்கும் உட்காரும் உரிமைக்கும் கூடிப் போராடினார்கள். 2018-ல் கேரளத்தில் சட்டம் திருத்தப்பட்டது. 2021-ல் தமிழ்நாடும், 1947-ம் வருஷத்துக் கடைகள் சட்டத்தைத் திருத்தி, சிப்பந்திகளுக்கு இருக்கை வைத்தே தீரவேண்டும் என்று ஆக்கியது. நல்லது. ஆனால் ஸ்டூலைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைப்பது என்றால் அது என்ன உரிமை? தொழிலாளர் துறை அதிகாரிகள் கூட்டம் நெரியும் முகூர்த்த நாட்களிலும் கடைக்குள் வரவேண்டும் என்று வற்புறுத்துகிறோம்.

திருமலை நாயக்கர் கட்டிய புது மண்டபத்தின் கதையும் இதனோடு சேர்ந்ததே. அழகர் திருவிழாவுக்கு வேஷ உடை தைத்த தையற்காரர்களும், புத்தகம், வளையல் விற்றவர்களும் தலைமுறைகளாக அங்கே பிழைத்தார்கள். சென்ற சில ஆண்டுகளில் அந்தக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்பட்டன. சிற்பங்களுக்கு மூச்சு விட இடம் கிடைத்தது நியாயமே. ஆனால் தையற்காரனுக்கு இடம் மட்டும் போதாது, அவனைத் தேடி ஆட்கள் வரவும் வேண்டும். அதற்கு வழி செய்வது சர்க்காரின் பொறுப்பு.

தரைக்கடைக்காரர்களுக்கு 2014-ம் வருஷச் சட்டம் இருக்கிறது. கணக்கெடுப்பு முடியுமுன் அவர்களை அப்புறப்படுத்தக் கூடாது. வியாபாரக் கமிட்டியில் நூற்றுக்கு 40 பேராவது அவர்களே இருக்கவேண்டும். வீதியை அழகுபடுத்தும் திட்டம் தீட்டுவோர் முதலில் அதைப் படிக்கட்டும்.

தோழர்களே, அடுத்த முறை ஜவுளி எடுக்கப் போகும்போது, சேலை காட்டும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கல்லாவில் பணம் கட்டுவதற்கு முன் வாய் திறந்து கேளுங்கள்.