பத்து நாள்ல தூக்கிப் போடற மருந்து இல்லைங்க இது

டிஸ்கியை முதல்லயே போட்டுடறேன்: நான் டாக்டர் இல்லை. இங்க இருக்கிறது கருத்து மட்டும்தான். மருந்தை ஆரம்பிக்கிறதோ நிறுத்தறதோ டாக்டர்கிட்ட கேட்டுத்தான்.

மக்களே, "ஒரு இடத்துல உக்கார மாட்டான்", "கூப்பிட்டா காதுலயே விழாது", "நோட்டைத் தொலைச்சுட்டு வருவா"ன்னு சொல்லப்படற புள்ளைங்கள்ல சில பேருக்கு இருக்கிறது வால்தனம் இல்லை. ஏ.டி.ஹெச்.டி., அதாவது கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த ஒரு கோளாறு. எங்க புதுச்சேரியிலயும் இப்ப இதைப் பத்திப் பேச ஆரம்பிச்சுட்டாங்க. நல்ல விஷயம். ஆனா பேச்சு மருந்துன்னு வந்ததும் எல்லாரும் ஒரே இடத்துல போய் முட்டிக்கிறாங்க. "ஸ்டிமுலன்ட் வேண்டாம் டாக்டர், அது போதை மருந்தாமே! நான்-ஸ்டிமுலன்ட் ஏதாவது எழுதுங்க."

நான்-ஸ்டிமுலன்ட் கெட்ட மருந்துன்னு நான் சொல்ல வரலை. பயத்துல அதைக் கேட்டு வாங்கறதும், பத்தே நாள்ல தூக்கிப் போடறதும்தான் எனக்கு உறுத்துது.

பயம் எங்கேர்ந்து வந்துச்சு? மெத்தில்ஃபெனிடேட் 1944ல சுவிட்சர்லாந்துல சிபா கம்பெனியில உருவாக்கின மருந்து. நம்ம நாட்டுல 1985ஆம் வருஷத்து போதைப்பொருள் சட்டத்தோட பட்டியல்ல அது இருக்கு. அதனால எல்லா மெடிக்கல்லயும் வைக்க மாட்டாங்க. நேரு வீதி முழுக்க நடந்தாலும் "இல்லை சார்"னு கை விரிக்கிற கடைகள்தான் அதிகம். ஆக, புள்ளைக்கு எது பொருந்தும்ங்கிறதைப் பல நேரம் டாக்டரை விட மருந்துக்கடை அலமாரிதான் முடிவு பண்ணுது.

அடமாக்செடினுக்கு இந்தத் தொல்லை இல்லை. மன அழுத்தத்துக்குன்னு முதல்ல சோதிச்ச மருந்து, 2002ல அமெரிக்காவுல ஏ.டி.ஹெச்.டி.க்கு அனுமதி வாங்குச்சு. மூளையில நார்அட்ரினலின்ங்கிற ரசாயனம் சீக்கிரம் உறிஞ்சப்படாம பாத்துக்குது. போதை ஏத்தாது, பழக்கமாகாது. அதெல்லாம் சரி. ஆனா வேலை செய்யற விதமே வேற. மெத்தில்ஃபெனிடேட் ஒரு மணி நேரத்துக்குள்ள வேலையைக் காட்டும், சில மணி நேரத்துல இறங்கிடும். அடமாக்செடினை ஞாயித்துக்கிழமை உட்பட தினமும் கொடுக்கணும். முழுப் பலன் தெரிய நாலு வாரம், ஆறு வாரம், சிலருக்கு அதுக்கு மேலயும் ஆகும்.

இதைச் சொல்லாம விட்டா என்ன ஆகும்? எங்க தெரு அக்கா ஒருத்தங்க பத்தாவது நாள் நிறுத்திட்டாங்க. "பசி குறைஞ்சதுதான் மிச்சம், படிப்புல ஒண்ணும் மாறலை"ன்னாங்க. அவங்க சொன்னது பொய் இல்லை. பக்கவிளைவு முதல் வாரமே வந்துடும், பலன் கடைசியிலதான் வரும். நடுவுல இருக்கிற அந்த ஒரு மாசத்தைத் தாண்ட யாரும் கைபிடிச்சு உதவலை. பையன் நாலாம் கிளாஸ். ஒரு வருஷம் போச்சு, "முட்டாள்"ங்கிற பேரு மட்டும் நின்னுடுச்சு.

"நான்-ஸ்டிமுலன்ட்னா சேஃப்"ங்கிறதும் அரைகுறை உண்மைதான். வயித்துவலி, தூக்கக் கலக்கம், நாடித்துடிப்பும் பிரஷரும் ஏறுறது, அபூர்வமா ஈரல் பாதிப்பு எல்லாம் உண்டு. சில குழந்தைகளுக்குத் தற்கொலை எண்ணம் வரலாம்னு 2005ல அமெரிக்காவுல எச்சரிக்கையே சேர்த்தாங்க. காப்ஸ்யூலைப் பிரிச்சுத் தேன்ல குழைச்சுக் கொடுக்கிற நம்ம ஊர் வழக்கமும் இதுக்கு ஆகாது. தூள் கண்ணுல பட்டா எரியும்.

இன்னொண்ணு குளோனிடின். 1960களோட ஆரம்பத்துல ஜெர்மனியில மூக்கடைப்புக்குன்னு சோதிச்சாங்களாம். சளி பிடிச்ச செக்ரட்டரி அம்மாவுக்கு ரெண்டு சொட்டு விட்டா, அவங்க ஒரு நாள் முழுக்கத் தூங்கிட்டாங்கன்னு ஒரு கதை உண்டு :-) அப்புறம் அது பிரஷர் மாத்திரை ஆச்சு. அதோட மெதுவா வேலை செய்யற வடிவத்துக்கு 2010ல அமெரிக்காவுல ஏ.டி.ஹெச்.டி.க்கு அனுமதி கிடைச்சுது. இதை மட்டும் திடீர்னு நிறுத்தவே கூடாது, பிரஷர் எகிறிடும். "தீந்துபோச்சு, அடுத்த வாரம் வாங்கிக்கலாம்"ங்கிற பேச்சே இருக்கக் கூடாது.

இப்ப எங்க ஊர் விசேஷம் ஒண்ணு. இங்க நிறைய வீட்டுக்கு பாரிஸ்ல ஒரு சித்தப்பாவோ அத்தையோ இருப்பாங்க. 2024 நிலவரப்படி பிரான்சுல இந்தக் கோளாறுக்குன்னு அனுமதி வாங்கின மருந்து மெத்தில்ஃபெனிடேட் ஒண்ணுதான். அதாவது, அங்க இருக்கிற சித்தப்பா பேரனுக்கு "போதை மருந்து"தான் முதல் மருந்து. இங்க இருக்கிற பேரனுக்கு அதோட பேரைச் சொன்னாலே வீட்டுல அழுகை. ரெண்டு பேருக்கும் ஒரே மூளை, ஒரே ரத்தம். மாறினது சட்டமும் கடையும்தான். அப்ப நம்ம பயத்துல எவ்வளவு மருத்துவம், எவ்வளவு வெறும் வார்த்தை?

இங்கிலாந்தோட 2018 வழிகாட்டியும் அஞ்சு வயசுக்கு மேல மருந்து தேவைப்பட்டா முதல்ல மெத்தில்ஃபெனிடேட்னுதான் சொல்லுது. அது ஒத்துக்கலைன்னாலோ பலன் இல்லைன்னாலோ மத்தது. நான்-ஸ்டிமுலன்டுக்கு நியாயமான காரணங்கள் இருக்கு. ஸ்டிமுலன்டால தூக்கம் போச்சு, முகம் வெட்டி வெட்டி இழுக்கிற டிக்ஸ் அதிகமாச்சு, வீட்டுல வேற யாராவது மாத்திரையைத் தப்பா எடுத்துக்கலாம்... இதெல்லாம் காரணம். "பேரு பயமா இருக்கு"ங்கிறது காரணம் இல்லை.

அதனால பெத்தவங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஜிப்மரோ தனியார் கிளினிக்கோ, எங்க போனாலும் மூணு கேள்வி கேளுங்க. பலன் தெரிய எத்தனை வாரம்? எந்த அறிகுறி வந்தா உடனே ஓடி வரணும்? நிறுத்தணும்னா எப்படி நிறுத்தறது? டாக்டர்களுக்கும் ஒண்ணு. கூட்டம் அதிகம்தான், தெரியும். ஆனா "ஒரு மாசம் பொறுங்க"ன்னு சீட்டுல தமிழ்ல எழுத அரை நிமிஷம் போதும். அந்த அரை நிமிஷம் ஒரு புள்ளையோட ஒரு வருஷத்தைக் காப்பாத்தும்.

மாற்றுக் கருத்து இருந்தா தாராளமா வந்து கும்முங்க. உங்க ஊர் மெடிக்கல்ல நிலைமை என்னன்னும் சொல்லிட்டுப் போங்க.