வரியில்லா நாட்டில் ஒரு வீடு

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, நம் சங்க நூலகத்தில் பழைய ஏடுகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஓராண்டுக்கு முன் இரயில்வேப் பணியினின்று ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் வந்தமர்ந்தார். நெல்லைச் சீமையர், நமக்கு அண்ணாச்சி முறை. கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார்.

"தம்பி, இருபத்துமூன்று லட்சம் கட்டினால் துபாயில் ஆயுள் முழுவதும் குடியிருக்கலாமாம். வருமான வரி என்பதே கிடையாதாம். நம் பையனுக்கும் ஒரு வழி பிறக்கும். முன்பணம் ஐம்பதாயிரம் அனுப்பிவிட்டேன். மீதிக்கு ஊரிலுள்ள வயலைக் கொடுத்துவிடலாமா என்று பார்க்கிறேன்" என்றார்.

வயல் என்ற சொல்லைக் கேட்டதும் கையிலிருந்த ஏட்டைக் கீழே வைத்தோம். இதே விளம்பரத்தை வேறு சில வீடுகளிலும் பார்த்திருக்கிறோம். ஆகவே இத்திங்கள் இப்பகுதியை இதற்கே ஒதுக்குகிறோம்.

இருபத்துமூன்று லட்சம் என்ற கணக்கு வந்த கதை இது. 2025 ஜூலையில், ஒரு லட்சம் திர்ஹம் கட்டணம் செலுத்தினால் இந்தியருக்கு ஆயுட்கால கோல்டன் விசா கிடைக்கும் என்று நாடெங்கும் செய்தித்தாள்களில் வெளிவந்தது. இரண்டொரு நாட்களுக்குள் ஐக்கிய அரபு அமீரகத்தின் குடியுரிமை, அடையாள அட்டை முதலியவற்றைக் கவனிக்கும் கூட்டாட்சி ஆணையம் அதனை மறுத்தது. அப்படியொரு திட்டமே இல்லை என்றும், விண்ணப்பங்களை அரசின் வழிகளிலேயே அளிக்க வேண்டும் என்றும் அறிவித்தது. செய்தி மறுக்கப்பட்டது, விளம்பரமோ இன்னும் கைப்பேசிகளில் உலவுகிறது!

கோல்டன் விசா என்பது பொய்யன்று. 2019இல் தொடங்கிய திட்டம் அது. 2022 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. ஐந்து அல்லது பத்து ஆண்டுகளுக்கு அளிக்கப்படும், தகுதி நீடித்தால் புதுப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அதன் வாயில்கள் வேறு. வீடு வாங்கிப் பெறுவதாயின் அதன் மதிப்பு இருபது லட்சம் திர்ஹமாவது இருக்க வேண்டும். நம் பணத்தில் நாலரைக் கோடிக்கு மேல். அமெரிக்க டாலரில் ஏறக்குறைய 5,44,000. இங்கே குடியிருக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பலாகும் தொகைக்கு ரிசர்வ் வங்கி வைத்துள்ள வரம்பு 2,50,000 டாலர். கணவனும் மனைவியும் சேர்ந்து அனுப்பினாலும் ஓராண்டில் அத்தொகை எட்டாது. உத்தியோகத்தின் வழியாகப் பெறுவதாயின் பட்டப்படிப்பும், உயர்நிலைப் பதவியும், மாதம் முப்பதாயிரம் திர்ஹம் சம்பளமும் வேண்டும். மருத்துவர், அறிவியலாளர், சிறந்த மாணவர் ஆகியோர்க்குத் தனி வழிகள் உண்டு. வயலை விற்ற பணம் இவற்றுள் எந்த வாயிலையும் திறக்காது.

"இருக்கட்டும் தம்பி, வரியில்லை என்பதாவது மெய்தானே?" என்றார் அண்ணாச்சி.

மெய்தான். அங்கே தனி மனிதரின் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை. கடையில் வாங்கும் பண்டங்களுள் பெரும்பாலானவற்றுக்கு 2018 முதல் ஐந்து விழுக்காடு வரி உண்டு. துபாயில் வாடகையில் ஐந்து விழுக்காட்டை நகராட்சிக் கட்டணமாக மின்சாரப் பட்டியலோடு சேர்த்து வாங்குகிறார்கள். கம்பெனி இலாபத்துக்கு 2023 முதல் ஒன்பது விழுக்காடு. இவையெல்லாம் சிறியவை, விட்டுவிடுவோம். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று.

கடவுச்சீட்டில் எந்த நாட்டு விசா இருக்கிறது என்று நம் வருமான வரித்துறை பார்ப்பதில்லை. ஆண்டில் எத்தனை நாள் இங்கிருந்தீர் என்றே பார்க்கிறது. 182 நாட்கள் இங்கே தங்கியவர் இங்கே வசிப்பவரே. அமீரகமும் வரிக்கான வசிப்புச் சான்றிதழைச் சும்மா தருவதில்லை. 183 நாட்கள் அங்கே இருந்திருக்க வேண்டும். அல்லது 90 நாட்களோடு குடியிருப்பு உரிமமும், நிலையான வீடோ தொழிலோ இருக்க வேண்டும். பிளாட்பாரச் சீட்டு வாங்கியவர் நிலையத்துக்குள் நிற்கலாம். அதைக் காட்டி வண்டியில் ஏற முடியாது. அதுபோலத்தான் இதுவும்.

அண்ணாச்சியின் ஓய்வூதியத்தையே எடுத்து, ஒரு தாளில் கணக்கிட்டுப் பார்த்தோம். மாதம் ஐம்பதாயிரம், ஆண்டுக்கு ஆறு லட்சம். இங்கே வசிப்பவருக்கு, 2025-26 நிதியாண்டில், புதிய முறைப்படி பன்னிரண்டு லட்சம் வரையுள்ள வருமானத்துக்குத் தள்ளுபடி உண்டு. ஆகவே அவர் கட்டும் வரி ஒரு காசும் இல்லை. அவர் மெய்யாகவே துபாய்வாசி ஆகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இந்திய அரசு தரும் ஓய்வூதியத்துக்கு அப்போதும் இந்தியாவில்தான் வரி. அத்தள்ளுபடியோ இங்கே வசிப்பவருக்கு மட்டுமே உரியது! நிலைக்கழிவு 75,000 போக 5,25,000. அதில் நாலு லட்சத்துக்கு வரியில்லை. எஞ்சிய 1,25,000க்கு ஐந்து விழுக்காடும் மேல்வரியும் சேர்த்து 6,500 ரூபாய். வரியில்லா நாட்டுக்குப் போய் வரி கட்டுவார்! அண்ணாச்சி அத்தாளை இரண்டு முறை வாசித்தார், சிரிக்கவில்லை.

பிள்ளைக்கு வழி உண்டா எனின், உண்டு. அவ்வழியில் முதலில் வருவது வேலை. விசா பின்னால் வருவது. அங்கே வேலை தரும் நிறுவனமே உரிமத்துக்கு விண்ணப்பிக்கும். தனியார் நிறுவனமாயின் பெரும்பாலும் ஈராண்டுக்கு. பிறகு மருத்துவச் சோதனை, அடையாள அட்டை. ஆளெடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கலாகாது என்று அந்நாட்டு 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமே கூறுகிறது. "கம்பெனிக்குக் கட்ட வேண்டும்" என்று எவரேனும் பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இங்குள்ள முகவர் நம் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று பார்ப்பதும் இன்றியமையாதது. சுற்றுலா விசாவில் போய் வேலை பார்ப்பது குற்றம். சாதாரண உரிமம் பெற்றவர் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் உரிமம் போய்விடும். கோல்டன் விசாவுக்கு இந்த விதி இல்லை. இவற்றுள் எதுவும் குடியுரிமை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை கிடைப்பது மிக அரிது. கிடைத்தாலும் நம் நாட்டுக் குடியுரிமை போய்விடும்.

இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1966 வரை அந்தக் கடற்கரையில் புழங்கியது ரூபாய்தான். வளைகுடாவுக்கென்றே 1959 முதல் தனி நோட்டுகளை நம் ரிசர்வ் வங்கி அச்சிட்டு அனுப்பிற்று. இதைச் சொன்னபோது அண்ணாச்சி தலையை மட்டும் அசைத்தார். அவர் மனம் வேறிடத்தில் இருந்தது.

"வயல் யார் பெயரில் இருக்கிறது அண்ணாச்சி?" என்று கேட்டோம்.

"உங்கள் மதினி பெயரில். அவள் அப்பா கொடுத்தது. இன்னும் அவளிடம் சொல்லவில்லை" என்றார்.

முன்பணத்தைத் திருப்பிக் கேட்டு அன்றே ஒரு கடிதம் எழுதிக் கையொப்பம் வாங்கினோம். பணம் அனுப்பிய இரசீதின் நகலையும் இணைத்துப் பதிவுத் தபாலில் சேர்த்தாயிற்று. இதை எழுதும் வரை பதில் இல்லை. ஐம்பதாயிரம் வருமா என்பது ஐயமே. மதினிக்குச் செய்தி தெரிந்துவிட்டது. அண்ணாச்சி சென்ற இரண்டு ஞாயிறுகளாக நூலகத்துக்கு வரவில்லை. பையன் மட்டும் வந்தான். தன் படிப்புச் சான்றிதழ்களை வெளியுறவு அமைச்சகத்தில் மெய்யொப்பம் பெறுவது எப்படி என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போனான்.